அடைத்த தெருவிலிருந்து ஒருத்தி

நீர்மாலை எடுத்துவந்து அம்மாவின் உடலைக் குளிப்பாட்டி, கோடிச் சேலையும் சுற்றியாகிவிட்டது. அம்மாவின் கன்னத்தில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்த சித்ரலேகாவின் கை, வாசலில் நின்றவளைப் பார்த்ததும் அப்படியே நின்றது.

கறுப்புப் புர்கா. வெயிலில் நடந்து வந்து வியர்த்த முகம். நாலு வருடம் ஆகியும் மறக்காத முகம்.

"யாருட்டி அது?" என்றாள் அத்தை.

"பேட்டைக்காரவுக. கமர் நிஷா."



கொரோனா வந்த வருடம் அம்மா ராஜராஜேஸ்வரி அந்த வார்டுக்குச் சுகாதார ஆய்வாளர். பேட்டையில் ஒரே தெருவில் ஏழு பேருக்குத் தொற்று என்று தெரிந்த அன்றே இரண்டு பக்கமும் தகரம் வைத்து அடைத்தாள். அறுபத்திரண்டு வீடுகள். பெண்கள் பெரும்பாலும் பீடி சுற்றுகிறவர்கள். தெரு முனையில் கமர் நிஷாவின் புருஷனுக்கு டீக்கடை. இரண்டு தடவை எச்சரித்தும் பின்வாசல் வழியாக டீ விற்றதால் அம்மா அதற்கு சீல் வைத்தாள்.

அன்று மத்தியானம் சாப்பாடு கொண்டுபோன சித்ரலேகா எல்லாவற்றையும் பார்த்தாள். அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று கமர் நிஷா இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள். அம்மாவின் முடியிலும் முகக்கவசத்திலும் மண். போலீஸ்காரர் லத்தியோடு முன்னால் போனபோது அம்மா அவரைக் கைகாட்டி நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு சித்ரலேகா அழுதாள். "இந்த வேலை வேண்டாம்மா. விட்ருங்க. ஊரே நம்மள ஏசுது."

"ஏசத்தான செய்வாங்க. அவ வயித்துல அடிச்சிருக்கேன்லா."

"அப்பம் எதுக்குச் செய்யுதிய?"

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். "அடைக்காம விட்டா என்ன ஆவும்னு தெரியும். அடைச்சா என்ன ஆவுதுன்னும் பாக்கணும்ட்டி" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா நேற்றுக் காலையில் டெங்கு ஆய்வுக்குப் போன இடத்தில், யாரோ ஒருவர் வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தபடியே சரிந்துவிட்டாள். ஐம்பத்தாறு வயது.

சித்ரலேகா எழுந்து வாசலுக்கு வந்தாள். "இன்னைக்கு ஒண்ணும் பேசிராதீங்க."

"சண்டைக்கு வரல பாப்பா."

பந்தலில் உட்கார்ந்திருந்த அப்பா பூதலிங்கம் எழுந்து வந்தார். கமர் நிஷா அவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கடை போனது போனதுதான். எங்க வீட்டுக்காரரு இன்னும் திருப்பூர்ல பனியன் கம்பெனியிலதான் கெடக்காரு. மூத்தவ படிப்பும் நின்னு போச்சு. அதை இல்லன்னு என்னால சொல்ல முடியாது. மேடமும் சொல்லல."

"அம்மா என்ன சொன்னா?" என்றாள் சித்ரலேகா.

"மண்ணத் தூத்துன மறுநாளே வந்து நின்னாக. 'உன் கடைய நான்தான் மூடுனேன், நீ ஏசுனது சரிதான்'னாக. 'பீடி இலை வந்தா உள்ள இருந்தே சுத்துவியளா?'ன்னு கேட்டாக. பீடிக்கடைக்காரர்கிட்ட அவுகளே போய்ப் பேசுனாக. இலையும் புகையிலைத் தூளும் தகரத்துக்கு மேல வந்துச்சு. சுத்துன பீடிய மூணு நாள் வெயில்ல போட்டுத்தான் வெளிய விட்டாக. இருபத்தெட்டு நாளு பாப்பா. தெனமும் வந்தாக. ஒரு வீட்லயும் அடுப்பு அணையல. ஒரு மௌத்து, ஒரு சாவு விழல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு அவுக மேல கோவமும் இருக்கு. பாக்காம இருக்கவும் முடியல."

"அதுக்குத்தான் மெமோ வந்துது" என்றார் அப்பா பைய. "அடைச்ச தெருவுக்குள்ள எப்படிச் சாமான் போச்சுன்னு மேல கேட்டாங்க. பதில எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டுனா. 'தெருவை அடைத்தது நான். உள்ளே இருப்பவர்களின் பசிக்கும் நானே பொறுப்பு.' அவ்வளவுதான். பதவி உயர்வு ரெண்டு வருஷம் தள்ளிப்போச்சு."

"எங்கிட்ட ஏன்பா சொல்லல?"

"நீ வேலைய விடச் சொல்லி அழுதியாம்லா. சொல்லாண்டாம்னுட்டா."

சித்ரலேகா கமர் நிஷாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். பெண்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். கமர் நிஷா அம்மாவின் காலருகே உட்கார்ந்து, கோடிச் சேலையின் ஓரத்தைப் பாதத்தின் மேல் இழுத்துவிட்டாள். மூலையில் இருந்த ஒருத்தி, "சொந்தமா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது காதில் விழுந்தது.

"எங்கம்மா அடைச்ச தெருவுல உள்ளவுக" என்றாள் சித்ரலேகா, பந்தலுக்கே கேட்கும்படி. பிறகு குனிந்து, அம்மாவின் இன்னொரு கன்னத்திலும் மஞ்சளைப் பூசி முடித்தாள்.

பதினோரு மணிக்கு வண்டி கருப்பந்துறைச் சுடுகாட்டுக்குப் புறப்பட்டது. அது ரத வீதி திரும்பும்வரை பார்த்து நின்றுவிட்டுப் பெண்கள் வீடு கழுவ உள்ளே வந்தார்கள். கமர் நிஷா புர்காவின் கையைச் சுருட்டிக்கொண்டு குழாயடி வாளியைத் தூக்கினாள். "நீங்க எதுக்கு..." என்று அத்தை இழுத்தாள். சித்ரலேகா விளக்குமாறோடு நடுக்கூடத்தில் வந்து நின்று, "ஊத்துங்கக்கா" என்றாள்.

தண்ணீர் செவ்வந்தி இதழ்களை இழுத்துக்கொண்டு நடையைத் தாண்டித் தெருவில் இறங்கி ஓடியது.