துண்டுக்குள் மூன்று விலை

மகளின் நிக்காஹில் தகப்பன் முன்னால் போய் உட்கார்வதற்கு விலை பதினோராயிரத்து நானூறு ரூபாய். ஜன்னலோர சீட் என்றால் அறுநூறு கூட. மீரான் ஜன்னல் வேண்டாம் என்றுவிட்டார். பாலக்கரை வீட்டு வாசலில் அண்ணாந்தால் தெரிகிற வானத்துக்கு எதற்கு அறுநூறு?

மனைவி ஜஹானாரா முன்பே கோலாலம்பூர் போய்ச் சேர்ந்துவிட்டாள். நாளை ஜும்ஆவுக்குப் பிறகு மகள் ஷஹனாஸுக்கு நிக்காஹ். "கடைசி பிளைட்டுக்கு டிக்கெட் போட்டிருக்கீங்க. அதையும் விட்டுட்டு, பொண்ணைப் போன்லயே கட்டிக் குடுத்துருவீங்க, எனக்குத் தெரியாதா" என்று காலையில்தான் திட்டினாள். மாட்டுத் தரகருக்குச் சந்தை நாளை விட்டுவிட்டுக் கிளம்ப மனம் வராது என்பது அவளுக்குப் பழகிய விஷயம்.

ஸ்ரீரங்கத்தில் பால் பண்ணை வைத்திருக்கும் அழகிரி தன் காரிலேயே மீரானை விமான நிலையத்துக்குக் கூட்டி வந்தார். பாசம் பாதி. வையம்பட்டிக் காளியாயியின் கறவை மாட்டின் மேல் கண் மீதி. அந்த மாட்டை விற்றுத் தரும் பொறுப்பு மீரானுடையது.

காரில் ரேடியோ, நாடு முழுக்க உஷார் நிலை என்றது. பாலக்கரை தாண்டுவதற்குள் அழகிரி ஒரு பாட்டம் பேசி முடித்தார்.

"பார்டரை இறுக்கணும் பாய். ஒரு ஈ உள்ள வரப்படாது, ஒரு ஈ வெளிய போகப்படாது."

"ஈ மாட்டாது அழகிரி. மாட்டுறது எங்க தாடிதான்."

"மடியில கனமில்லாதவங்களுக்கு என்ன பயம்?"

"அந்த மடியை நடுரோட்டுல அவுத்துக் காட்டச் சொல்றாங்களே, அந்தப் பயம்தான்."

விமான நிலைய வாசலில், பெட்டியை இறக்கி வைத்த கையோடு, அழகிரி தோளைச் சொறிந்தார். மாட்டு விலை பேசலாம் என்பதற்கு அதுதான் ஜாடை. மீரான் தன் கழுத்துத் துண்டை எடுத்து இருவர் கைமேலும் போட்டார். சந்தையில் விலையை வாய் பேசாது. துண்டுக்குள் விரல்தான் பேசும். முதல் அமுக்கு பத்தாயிரங்களுக்கு, அடுத்தது ஆயிரங்களுக்கு. முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது, பக்கத்தில் நிற்பவனுக்கு விலை கசியக்கூடாது. அழகிரி கார் நிற்குமிடத்தைப் பார்த்தார். மீரான் கூரையைப் பார்த்தார். விரல்கள் ஏறின, இறங்கின. பேரம் படிவதற்குள் நேரமாகிவிட்டது என்று கையை உருவிக்கொண்டு மீரான் உள்ளே போனார்.

நாற்பது வருஷப் பழக்கம். அது எந்த இடம், என்ன வாரம் என்பது இருவருக்குமே தோன்றவில்லை. தலைக்கு மேலே கேமரா இருந்தது.

பாஸ்போர்ட்டை நீட்டியவரைத் தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். எதிரே ரோசரி என்ற பெண் அதிகாரி. மேசைமேல் பிளாஸ்டிக் பையில் அவருடைய துண்டு. பெட்டியைப் பிரித்துப் பரப்பியிருந்தார்கள். பட்டுப்புடவை, முறுக்கு டப்பா, மருமகனுக்குக் கைக்கடிகாரம்.

ரோசரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். படத்தில் தாடிக்காரர் ஒருவர், நெற்றியில் நாமம் போட்டவர் ஒருவர். இரண்டு பேரும் வேறு வேறு திசையைப் பார்க்கிறார்கள், கைகள் மட்டும் துணிக்குள். மீரானுக்கே அந்த ஆட்களைப் பிடித்து உள்ளே போடலாம் போலிருந்தது.

"என்ன கை மாறிச்சு?"

"ஒண்ணும் மாறலை மேடம். மாட்டுக்கு விலை பேசினோம்."

"ஏர்போர்ட்ல மாடு."

"மாடு வையம்பட்டியில இருக்கு."

ரோசரி சிரிக்கவில்லை. "இந்த பிளைட்ல ஒருத்தர் எதையோ வாங்கிட்டுப் போறார்னு தகவல். பேர் இல்லை, தாடின்னு மட்டும் இருக்கு."

"தாடிக்கு இனிஷியல் போட்டிருக்கா மேடம்?"

"கிண்டல் வேணாம் பாய். நூறு பேரை நிறுத்தி வச்சா எனக்குத் திட்டுதான் கிடைக்கும். ஒருத்தரை விட்டுட்டு அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா, விட்டது யாருன்னு என் கையெழுத்தைத்தான் தேடுவாங்க."

நியாயமான பேச்சுதான் என்று மீரானுக்குப் பட்டது. அந்த நூறு பேரும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. விமானத்தை நினைத்து அடக்கிக்கொண்டார். ஒலிபெருக்கி கோலாலம்பூர் பயணிகளைக் கூப்பிட்டது.

"விலைதான் பேசினீங்கன்னா, என்ன விலை?"

இங்கேதான் மீரான் வாயை மூடிக்கொண்டார். துண்டுக்குள் பேசியதை மூன்றாம் ஆளிடம் சொன்ன தரகர் மறுபடி சந்தையில் கால் வைக்க முடியாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருந்தது. அது அவருடைய சட்டைப் பைக்குள் இருந்தது.

"அது வெளிய சொல்றதில்லை மேடம்."

"சொல்லலைன்னா போகவும் முடியாது."

போன் ஒளிர்ந்தது. ஷஹனாஸ் அனுப்பிய படம். கையில் மருதாணி. 'அத்தா, ஏறியாச்சா?'

"எழுபத்திரண்டாயிரம்" என்றார் மீரான்.

ரோசரி பக்கத்து அறைக்குப் போய்விட்டு வந்தார். முகம் இன்னும் இறுகியிருந்தது. "உங்க ஆளு அறுபத்தொன்பதுங்கிறார்."

மீரான் பக்கத்து அறைக் கதவைப் பார்த்தார். நாமக்காரரையும் பிடித்து வைத்துவிட்டார்களா?

"மாடு யாருது?"

"காளியாயின்னு ஒரு அம்மாது. வேண்டாம் மேடம், அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு."

அந்த 'வேண்டாம்' போதும். ரோசரி அவர் போனிலிருந்து எண்ணை எடுத்து மேசை போனில் அழைத்தார், ஸ்பீக்கரில் போட்டார்.

"மாடா? ஆமாங்க, பாய்கிட்டத்தான் சொல்லியிருக்கேன். அறுபத்தஞ்சுக்கு மேல ஒரு பைசா ஏறாதுன்னு பாய் சத்தியம் பண்ணாரு. ஏங்க, அவருக்கு என்ன ஆச்சு?"

ஒலிபெருக்கி கடைசி அழைப்பு என்றது. மீரான் மேசையில் கிடந்த முறுக்கு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேர், மூன்று விலை. இனி அல்லாஹ்வே வந்து சாட்சி சொன்னாலும் ஐடி கார்டு கேட்பார்கள்.

ரோசரி மூன்று எண்களையும் காகிதத்தில் வரிசையாக எழுதினார். பிறகு பேனாவின் முனையால் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"விக்கிறவர் எழுபத்திரண்டு. வாங்கறவர் அறுபத்தொன்பது. சொந்தக்காரம்மாவுக்குச் சொன்னது அறுபத்தஞ்சு." நிமிர்ந்தார். "திட்டம் போட்டு வந்தவங்கன்னா மூணு பேரும் ஒரே நம்பரைச் சொல்லியிருப்பீங்க. இவ்வளவு ஒழுங்கில்லாம இருந்தா இது வியாபாரம்தான்."

மீரானுக்கு மூச்சு வந்தது, கூடவே வெட்கமும்.

"தீவிரவாதி இல்லைன்னு எழுதிடறேன். மத்தபடி நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு எழுத இதுல இடமில்லை. ஓடுங்க."

"துண்டு?"

"அது ரிப்போர்ட்டோட மேல போகணும். திரும்பி வரும்போது வந்து கேளுங்க."

புடவையைச் சுருட்டித் திணித்துக்கொண்டு மீரான் ஓடினார். கதவு மூடுவதற்குள் ஏறினார். சீட்டில் உட்காரும்போதே அழகிரி அழைத்தார்.

"வெளிய விட்டுட்டாங்க பாய். பார்டரை இறுக்கணும்னுதான் இப்பவும் சொல்றேன். ஆனா என் நாமத்தைச் சுரண்டிப் பார்த்தது கொஞ்சம் அதிகம்."

"மடியில கனமில்லையே, உமக்கு என்ன பயம்?"

அழகிரி பேச்சை மாட்டுக்குத் திருப்பினார். "எழுபதுன்னு முடிச்சுக்கலாமா?"

"முடிச்சாச்சு."

அழைப்பு முடிந்ததும் அடுத்த மணி. காளியாயி. "அந்த அம்மா போனை வைக்க மறந்துட்டாங்க போல பாய். எழுபத்திரண்டுன்னு என் காதுல விழுந்துச்சே."

பணிப்பெண் போனை அணைக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். இருந்த அவகாசத்தில் மீரான் முடிந்தவரை பேரம் பேசினார். பேரம் அவர் பக்கம் சாயவில்லை.

விமானம் மேலே ஏறியதும், காலியாகக் கிடந்த தோளைத் தடவிக்கொண்டு, மனசுக்குள் கணக்கைக் கூட்டினார். அழகிரி தருவது எழுபது. காளியாயிக்கு அறுபத்தொன்பது. தரகு ஒன்று. நேர். மகள் நிக்காஹுக்குத் தகப்பன் போய்ச் சேர்வது, நேர். வர வேண்டியது ஒரு துண்டு, ஒரு மன்னிப்பு. துண்டைத் திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.