பிடித்தம் போக மிச்சம்

முஸ்லிம் குடும்ப வழக்குகளைத் தீர்க்கும் காதியாரின் வீட்டு மண்டபத்தில் வழக்கு என்றால் பெண்களுக்காகப் பேசுவது அவர்களுடைய ஆண்கள்தான். சுல்பிகாவுக்காக அவளுடைய மூத்த சகோதரன் ஜவுபர் காக்கா வந்திருந்தான். மருதமுனையிலிருந்து கல்முனைக்கு மாட்டுவண்டியில் வரும்போதே அவன் சொல்லிவிட்டான்.

"அவன் தாறதை வாங்கிட்டு வருவம் புள்ள. அரசாங்க உத்தியோகத்தனோட இழுபட நமக்கு ஏலாது."



தலாக் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காக இருந்த றஸாக், அவளுடைய சீதன வீட்டை விட்டுப்போய் சாய்ந்தமருதில் வேறு கலியாணம் முடித்திருந்தான். இரண்டு பெண்பிள்ளைகளையும் அவள் தறியில் நெய்துதான் வளர்த்தாள். நூல் கிடைக்காத மாதங்களில் அடுப்பு ஒரு நேரம்தான் எரிந்தது. அதனால்தான் பிள்ளைகளைப் பராமரிக்கத் தாபரிப்புப் பணம் கேட்டு வழக்கு வைத்தாள்.

றஸாக் சம்பளத் துண்டைக் காதியாரிடம் நீட்டினான்.

"சம்பளத்துல ரெண்டு வெட்டு இரிக்கி. விதவை, அநாதைப் பென்ஷனுக்கு ஒண்டு. வயசுபோன காலத்துக்கு எங்கட சங்கத்து நிதிக்கு ஒண்டு. மிச்சம் கையில வாறது கொஞ்சந்தான். அதுக்கேத்த மாதிரித்தான் குடுக்க ஏலும்."

ஜவுபர் தலையாட்டினான். பெண்களுக்காகத் தொங்கவிட்டிருந்த திரைக்கு அப்பாலிருந்து சுல்பிகாவின் குரல் வந்தது.

"அந்தப் பென்ஷன் ஆருக்கு வாற காசு?"

"நான் மவுத்தாகி இல்லாமப் போனா இந்தப் பிள்ளைகளுக்கும்தானே வரும்!" என்றான் றஸாக்.

"அப்ப வாப்பா மவுத்தாகுமட்டும் பிள்ளைகள் பட்டினி கிடக்கணுமா?"

"நீ பேசாம இரி," என்று ஜவுபர் பதறினான். காதியார் கையை உயர்த்தினார்.

"அவ கதைக்கட்டும்."

சுல்பிகா திரைக்கு இன்னும் கிட்ட வந்தாள்.

"முதல் வெட்டை நான் தொடமாட்டன் காதியார். அது அரசாங்கம் கட்டாயமா வெட்டுறது, பிள்ளைகளுக்கும் உரியது. மத்தது அவர் தன்ட விருப்பத்துல கட்டுறது. நாங்க ஒண்டா இருந்த காலத்துல அந்த வெட்டு இல்ல. எப்ப தொடங்கினதெண்டு அவர்ட்ட கேளுங்க."

காதியார் கேட்டார். றஸாக் சம்பளத் துண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"போன மாசம்."

"வழக்குக் கடிதம் கிடைச்ச பிறகா?"

"ஓம்."

"அவர்ட முதுமைக்கு இன்னும் எவ்வளவோ காலம் இரிக்கி," என்றாள் சுல்பிகா. "என்ட பிள்ளைகள் இப்ப வளருற வயசு. இந்தச் சாப்பாட்டைப் பத்து வருசம் கழிச்சுக் குடுக்க ஏலுமா?"

கட்டாயப் பிடித்தத்தைக் கழித்து, சங்க நிதிக்குப் போகும் காசைச் சம்பளத்தோடு சேர்த்தே கணக்கிட்டுத் தாபரிப்பைத் தீர்மானித்தார் காதியார். றஸாக் எழுந்தான்.

"நான் மேல வழக்குக்குப் போவன்."

"போங்க. அங்கயும் வருவன்," என்றாள் அவள்.

அவன் மேல்வழக்குக்குப் போகவில்லை. முதல் மாதக் காசையும் கட்டவில்லை. ஜவுபர் வர மறுத்ததால், பக்கத்து வீட்டு ஹாஜறாவைக் கூட்டிக்கொண்டு சுல்பிகா மறுபடியும் காதியாரிடம் போனாள். காசை அறவிடும்படி காதியாரின் கட்டளை அரசாங்க நீதிமன்றமான நீதவான் கோட்டுக்கு அனுப்பப்பட்டது. கோட்டில் வைத்து, நிலுவையோடு சேர்த்துக் காசைக் கட்டினான் றஸாக்.

அன்று பின்னேரம் அந்தக் காசில் அரிசியும் மீனும் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். மூத்தவள் ஓடிவந்து பையைத் திறந்து பார்த்தாள்.

"ஆரு உம்மா தந்த?"

கோட்டு வாசலில் றஸாக் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது சுல்பிகாவுக்கு நினைவு வந்தது.

"ஒங்கட வாப்பா," என்றாள் சுல்பிகா. பிறகு மீனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.