கரித்துண்டும் முதற்காலும்

ஒல்லாந்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பன்மை படிப்பிக்கத் தனிப் பொறுமை வேண்டும். தங்கள் மொழியில் 'போட்டோ'வுக்குப் பின்னால் அப்பொஸ்ட்ரொபி என்ற கொம்பைப் போட்டு 'எஸ்' எழுதிப் பழகியவர்கள், ஆங்கிலத்திலும் கண்ட இடமெல்லாம் அந்தக் கொம்பைக் குத்திவிடுவார்கள். தவநாயகி ரீச்சருக்குச் சிவப்புப் பேனையால் கொம்பு ஒடித்தே கை சலித்துப்போயிற்று. இவர்களுடைய முப்பாட்டன்மார் யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டியபோதும் இப்படித்தான் சொல்வழி கேளாமல் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

இலண்டன் ஆர்ச்வேயில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அந்த மொழிப் பள்ளி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஒரு கிழமை அங்கே ஆங்கிலம் படித்துவிட்டு, சனிக்கிழமை எடின்பரோவுக்கு ரயிலேறுவார்கள். போகுமுன் ஸ்கொட்லாந்தின் பழக்கவழக்கங்களும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும் என்று அந்தப் பாடத்தையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். கட்டியது சரியான தலையில்தான். புருஷன் இராஜேந்திரனோடு பதினெட்டு வருடம் அங்கே டண்டி நகரில் குடியிருந்தவள் அவள்.

இப்போது அவர் இல்லை. மகனுக்குக் கிட்ட இருக்கலாம் என்று இருவரும் இலண்டனுக்கு வந்த அடுத்த வருடமே மாரடைப்பு வந்து போய்விட்டார். சட்டனில் ஒற்றை அறை பிளாட்டில் அவள் தனியே இருந்தாள். வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வந்தால் திங்கள் காலைவரை அவள் வாய் திறப்பது கடைக்காரனிடம் 'பை வேண்டாம்' என்று சொல்வதற்கு மட்டும்தான். அதனால் இந்தப் பிள்ளைகளின் இரைச்சல் அவளுக்குப் பிடித்திருந்தது.

புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் மகன் கீர்த்தனன் அவளுக்குப் போன் எடுத்தான். ஹவுன்ஸ்லோவில் அவன் வாங்கிய வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை குடிபூரல்.

"அம்மா, ஞாயிறு விடியப் பால் காய்ச்சிறம். நீங்கள் அந்தரப்படாமல் ஆறுதலா வாங்கோ. பத்து மணிக்குப் பிறகு வந்தாக் காணும்."

"ஏன் தம்பி, நான் விடிய வெள்ளனவே எழும்பிற ஆள்தானே?"

மறுமுனை தடுமாறியது. "இல்லையம்மா... எனக்கு உதிலை ஒரு நம்பிக்கையும் இல்லை. விதுஷான்ர அம்மாதான், முதன்முதல் கால் வைக்கேக்கை எண்டு... உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியாமல் என்ன? புருஷன் செத்தவள் நல்ல காரியத்தில் முன்னுக்கு வந்தால் முழுவியளம் சரியில்லை. மருமகள் விதுஷாவின் தாய் சுலோச்சனா அதை நம்புகிறாள், நம்பிவிட்டுப் போகட்டும். நம்பாதவன் நம்புகிறவளுக்குப் பயந்து பெற்ற தாயை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறானே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் வாய் "ஓம் தம்பி" என்றுதான் சொன்னது.

அன்று பின்னேரப் பாடம் 'ஃபுட்', 'ஃபீட்'. காலில் தொடங்கிய பேச்சு டண்டியின் 'ஃபர்ஸ்ட் ஃபுட்' என்ற முதற்கால் வழக்கத்துக்குப் போயிற்று. வருடம் பிறந்ததும் வீட்டுவாசலை முதன்முதல் மிதிப்பவன் கறுத்த தலைமுடிக்காரனாக இருக்கவேண்டும். கையில் ஒரு கரித்துண்டு, ஷோர்ட்பிரெட் பிஸ்கற், கொஞ்சம் உப்பு. அப்படி ஒருவன் வந்தால் அந்த வருடம் முழுக்க அடுப்பு அணையாது. மஞ்சள் தலைக்காரன் வந்தால் துலைந்தது, ஏனென்றால் ஒருகாலத்தில் கப்பலில் வந்து கொள்ளையடித்தவர்களுக்கு மஞ்சள் தலை. வகுப்பில் இருந்த அத்தனை மஞ்சள் தலைகளும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன.

தன் புருஷனைப் பற்றியும் சொன்னாள். தெருவெல்லாம் செம்பட்டையும் மஞ்சளுமாக இருந்த இடத்தில் இராஜேந்திரன் ஒருவருக்குத்தான் காகக் கறுப்பில் தலை. விடக்கூடுமா அந்தச் சனம்? ஒவ்வொரு வருடமும் வீடு வீடாக இழுத்துக்கொண்டு போவார்கள். பொக்கற் நிறைய ஷோர்ட்பிரெட்டோடு அவர் திரும்பி வரும்வரை, சின்னக் கீர்த்தனன் ஜன்னலடியில் காத்திருப்பான்.

"ஊரில ஆமிக்காரன் கதவு தட்டினா நடுங்கினனாங்கள், நாயகி. இஞ்ச நான் தட்ட, சனம் சிரிச்சுக்கொண்டெல்லே திறக்குது" என்பார். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடையும். பாதி விஸ்கி, பாதி சந்தோஷம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. தனக்குள் வைத்துக்கொண்டாள்.

ஃபெம்க என்ற உயர்ந்த பெண் கையைத் தூக்கினாள். "உங்களுக்கும் கறுப்புத் தலைதானே, மிஸ்?"

கறுப்புத்தான், தலைக்குப் பூசும் மையின் புண்ணியத்தில். "நான் பெண். பெண்கள் முதலில் வந்தால் நல்லதில்லை என்பார்கள்."

"யார் சொன்னது? சுத்த முட்டாள்தனம்."

ஒல்லாந்துக்காரருக்கு மனதில் ஒன்றும் வாயில் ஒன்றுமாகப் பேச வராது. தவநாயகி புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் அவளுடைய கையில் ஒரு துணிப்பையைத் திணித்து, திரும்ப வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள். பைக்குள் ஒரு கரித்துண்டு, ஒரு பைக்கற் ஷோர்ட்பிரெட், கடதாசியில் மடித்த உப்பு. "தட்டுங்கள் மிஸ்!" என்று உள்ளிருந்து கத்தினார்கள்.

வகுப்புக்கு வெளியே ஒடுங்கிய நடையில் அவள் தனியே நின்றாள். தட்டத் தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது. அவர் போன நாளிலிருந்து எந்த விசேஷத்திலும் அவளுடைய இடம் குசினி, இல்லாவிட்டால் கடைசி வரிசை. அதுவே பழகிவிட்டது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். தட்டினாள். கதவு திறந்தது. இருபது பிள்ளைகள் கைதட்டி ஆரவாரித்தார்கள். வலது காலை எடுத்து உள்ளே வைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பன்மைப் பயிற்சித்தாளை எடுக்கச் சொன்னாள். ஒருவரும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை அவர்கள் போய்விட்டார்கள். பிளாட்டில் குளிர்பெட்டியின் உறுமல்தான் துணை. மேசையில் இருந்த துணிப்பையை அவள் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு விடியுமுன் தலைமுழுகி, பட்டுச்சேலை உடுத்து, இரண்டு பஸ் மாறி ஹவுன்ஸ்லோவுக்குப் போனாள். கார்கள் வந்து நின்றபோது புது வீட்டுப் படலையடியில் அவள் குளிரில் நின்றுகொண்டிருந்தாள். விதுஷா கையில் குத்துவிளக்கு, சுலோச்சனா கையில் பால்பானை, கீர்த்தனன் கையில் சாமிப்படம். தாயைக் கண்டதும் படத்தை மனைவியின் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

"அம்மா, பத்துக்குப் பிறகெல்லே சொன்னனான்?"

"ஓம், சொன்னனீ. நான் உங்களோட சேர்ந்து உள்ளுக்கு வரப்போறன், தம்பி. டண்டியில ஒரு தெருச் சனமே உன்ர அப்பான்ர கால் தங்கட வாசலில படவேணும் எண்டு நிண்டது. அந்த மனுசனோட வாழ்ந்தவள் நான். என்ர காலில என்ன பிழை?"

அவன் வாய் திறந்தான். ஆனால் பேசுமுன் அவனுடைய கண் திரும்பிப் பால்பானையைப் பார்த்தது. அந்த ஒரு பார்வை அவளுக்குப் போதும். ஆனாலும் அவள் அழவில்லை. பிள்ளைகள் தந்த துணிப்பையை அவன் கையில் வைத்தாள்.

"அதென்ன, நல்ல நாளும் அதுவுமா கரி?" என்று சுலோச்சனா எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

கரியைக் கண்டதும் கீர்த்தனனுக்கு விளங்கிவிட்டது. ஜன்னலடியில் காத்திருந்த பிள்ளையல்லவா? அவன் முகம் வெளிறிப்போனது. 'வாங்கோ' என்று ஒரு சொல் வரும் என்று தவநாயகி பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றானே தவிர, வாய் திறக்கவில்லை.

"போ தம்பி, நேரம் தப்பப் போகுது" என்று அவளே சொல்லிவிட்டு நடந்தாள்.

பஸ்ஸின் மேல்தட்டில் வேறொருவரும் இல்லை. முன்சீற்றில் போய் இருந்தாள். பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டவில்லை, கைப்பைக்குள் போன் அடித்தது. கீர்த்தனன்தான். விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப அடித்தது. அவள் நேரத்தைப் பார்த்தாள். பத்து மணிக்குப் பிறகுதானே வரச் சொன்னவன். இன்னும் எட்டுக்கூட ஆகவில்லை. போனைத் திரும்பப் பைக்குள் வைத்து மூடினாள்.