நாலு மணிக்குள் ஏழு பன்றிகள்

ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அவரை எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தோரு வருடம், ஐம்பது பேர் உட்காரும் பஸ்ஸில் நூற்றுப் பத்துப் பேரை ஏற்றிச் சென்றவர். நூற்றுப் பதினொன்றாவது ஆளை ஏற்றிய ஒருநாள், எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக ஒருவர் பிதுங்கி வெளியே வந்து, தான் இறங்க வேண்டிய நிறுத்தத்திலேயே காலூன்றி நின்று, நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டினாராம். பார்த்தவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு மூன்று ஜாதிப் பன்றிகளை ஒரே வேலிக்குள் சேர்த்து வைப்பது ஒரு வேலையா? அப்படித்தான் அவரும் நினைத்தார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த அரை ஏக்கரில் அவர் ஏற்கெனவே நாலு வெள்ளைப் பன்றிகளை வளர்த்துவந்தார். காதுகளைக் கொம்பு மாதிரி நிமிர்த்திக்கொண்டு, உலகமே தங்கள் பெயரில் பட்டா போட்ட மாதிரி நடக்கும் ஜாதி. அவற்றில் பெரியவளுக்கு 'டிப்போ மேனேஜர்' என்று பெயர். அவள் ஒரு உறுமல் உறுமினால் சமையலறையில் நின்றுபோன கடிகாரம் மறுபடி ஓடும்.

அன்று காலை பத்து மணிக்கு அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, வேனில் மேலும் மூன்று பன்றிகளைக் கொண்டுவந்து இறக்கினான். கண்டக்டரின் அக்கா தன் பண்ணையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டாள். மிச்சம் இருந்தவை துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் இரண்டு, சினையாக இருந்த கருப்பி ஒன்று. கருப்பியின் காதுகள் இரண்டும் கண்களை மறைத்துக்கொண்டு வாழை இலை மாதிரித் தொங்கின. எதிரே வருவது சுவரா மனிதனா என்று மோதிய பிறகுதான் அவளுக்குத் தெரியும். தாய் செத்த குட்டியாக இருந்தவளை அக்கா புட்டியில் பால் கொடுத்து வளர்த்திருந்தாள்.

"மாமா, சுத்தி வளைக்காம சொல்லிடறேன்," என்றான் மச்சினன், ஸ்டியரிங்கை விடாமலேயே. "நான் நாலு மணிக்குத் திரும்பி வருவேன். அதுக்குள்ள இதுங்க உங்க வெள்ளைங்களோட ஒத்துப் போச்சுன்னா உங்களுக்கு. சண்டை போட்டு ரத்தம் வந்துச்சு, அப்படியே ஏத்திட்டு நேரா கறிச் சந்தை. உங்க அக்காகிட்ட நான் கொடுத்த வாக்கு அது. ஒண்ணை ஒண்ணு கடிச்சுக் கொதறி சாகறதைவிட அது மேல்."

"கருப்பி சினைடா மாப்ளே!"

"அதை வெள்ளைங்ககிட்ட சொல்லுங்க."

வேன் போனதும் கண்டக்டர் வேட்டியை மடித்துக் கட்டினார். காலில் ஸ்பிரிங் வைத்த மாதிரி ஓர் உற்சாகம். ஆறு வருடத்துக்குப் பிறகு ஒரு நெரிசல்!

முதல் காரியமாக அவர் பழைய கொட்டிலைப் பூட்டினார். சொந்த வீட்டில் இருப்பவனுக்குத்தான் திமிர் வரும். எல்லோருக்கும் புது இடமாக இருக்க வேண்டும். அப்படி ஒரு இடம், மனைவி நேற்றுத்தான் அறுவடை முடித்த பூசணித் தோட்டம். வேலி இருந்தது, மூலையில் தகரக் கூரை போட்ட விறகுக் கொட்டகை இருந்தது.

இரண்டாவது, வாசனை. பன்றிக்குக் கண்ணைவிட மூக்குதான் சாட்சி. எல்லாமே ஒரே வாசனை அடித்தால் யார் சொந்தம், யார் வேற்றாள் என்று எப்படித் தெரியும்? மனைவி மூட்டு வலிக்கு வைத்திருந்த தைலத்தில் இரண்டு பாட்டிலை ஏழு முதுகிலும் தேய்த்தார். ஓடுகிறவற்றைத் துரத்திப் பிடித்துத் தேய்த்து முடிப்பதற்குள் மணி இரண்டரை ஆகிவிட்டது.

"என்னங்க, என் தைலம் எங்க?" சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"நல்ல காரியத்துக்குப் போயிருக்கு!"

"என் முட்டி கெட்ட காரியமா?"

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அவர் பன்றிகளை உள்ளே விட்டார். பதினைந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. ஏழும் ஒன்றையொன்று முகர்ந்து பார்த்துக் குழம்பி நின்றன. பிறகு தும்மல் ஆரம்பித்தது. அந்தத் தும்மலில் பக்கத்து மரத்து இலைகளில் பாதி உதிர்ந்தன; மீதி அடுத்த நாள் பயத்தில் உதிர்ந்தன.

தும்மல் நின்றதும் மூக்கு தெளிந்தது. மூக்கு தெளிந்ததும் டிப்போ மேனேஜர் கருப்பியைப் பார்த்தாள்.

தோள் தோளாக மோதியது. துருநிறத்துக்காரிகள் இருவரும் கருப்பிக்குப் பரிந்துகொண்டு பாய்ந்தார்கள். மற்ற மூன்று வெள்ளைகளும் குறுக்கே வந்தன. மண் எழும்பி வானத்தை மறைத்தது. கருப்பிக்கோ எதிரி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. வேலிக்கம்பத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். டிப்போ மேனேஜர் அவளுடைய தொங்கு காதைக் கவ்வ வாயைத் திறந்தாள்.

கண்டக்டர் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். நுழைந்தவர், முப்பத்தோரு வருடப் பழக்கத்தில், "படியில நிக்காதீங்க!" என்று சொல்லிக்கொண்டே படலைப் பின்னால் இழுத்துச் சாத்தினார். வெளிப்பக்கம் கொக்கி தானாக விழுந்தது. கொக்கியை வெளியே வைத்தவரும் அவர்தான்.

பலகையைக் கருப்பிக்கு முன்னால் நுழைத்தார். டிப்போ மேனேஜர் மோதியதில் பலகை இரண்டாகப் பிளந்தது. ஒரு துண்டு அவர் முழங்காலுக்குக் கீழே கீறிவிட்டுப் போனது. இனி ஒரே ஒரு நொடிதான் இருந்தது. அந்த நொடியில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. எடுத்து ஊதினார். நீளமாக ஒரு விசில்!

பஸ் நிற்கும் விசில் அது. ஆனால் ஆறு வருடமாக வெள்ளைகளுக்கு அதன் பொருள் சாப்பாடு.

நாலு வெள்ளைகளும் சண்டையை அந்தரத்தில் விட்டுவிட்டு அவரை நோக்கி ஓடிவந்தன. ஓடும் கூட்டத்தைப் பார்த்த துருநிறத்துக்காரிகள், என்னமோ கிடைக்கிறது போலிருக்கிறதே என்று பின்னாலேயே வந்தார்கள். கருப்பி சத்தத்தைக் கேட்டு வந்தாள். கண்டக்டர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை!

பயணிகள் ஒருவரோடு ஒருவர் எவ்வளவு அடித்துக்கொண்டாலும், கண்டக்டரிடம் சில்லறை இல்லை என்றால் எல்லோரும் ஒரே கட்சி. ஏழும் ஒன்றாக அவர் மேல் பாய்ந்தன. விறகுக் கொட்டகையின் கூரைக்கு ஏணி கிடையாது. அறுபத்து நாலு வயதுக்காரர் அதில் எப்படி ஏறினார் என்பது அவருக்கே இன்றுவரை தெரியாது.

மனைவி ஓடிவந்தாள். பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"கொக்கியை எடு! நிக்காத!"

"எதுக்கு? கீழ பாருங்க."

அவர் பார்த்தார். நிமிர்ந்த காதும் தொங்கும் காதும் தோளோடு தோள் உரச, ஏழு மூக்குகளும் வரிசையாக அவரை நோக்கி நீண்டிருந்தன. டிப்போ மேனேஜரின் தாடை கருப்பியின் முதுகில் கிடந்தது. தைல வாசனையில்லாமல் சோப்பு வாசனை அடித்த ஒரே வேற்றாள் அவர்தான்.

"இறங்கினீங்கன்னா மறுபடி ஆரம்பிச்சிடும். மணி மூணு இருபது. அங்கேயே இருங்க."

"தகரம் சுடுதுடி!"

"என் முட்டியும் வலிக்குது."

அப்படிச் சொன்னாலும் அவள் சும்மா நிற்கவில்லை. தவிட்டையும் பூசணித் துண்டுகளையும் வாளியில் கொண்டுவந்து, ஒரே இடத்தில் கொட்டாமல் வேலி நெடுகத் தூவிக்கொண்டே நடந்தாள். தள்ளுமுள்ளு இல்லை. ஒவ்வொன்றுக்கும் தன் மூக்கு நீளத்துக்கு இடம் இருந்தது. தின்று முடித்ததும், கூரையில் இருந்த ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிழலில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. துருநிறத்துக்காரி ஒருத்தி கருப்பியின் காதைப் போர்வையாக இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கினாள்.

சரியாக நாலு மணிக்கு வேன் வந்தது.

"அக்கா, மாமா எங்க?"

"மாடியில."

"உங்க வீட்டுக்கு ஏது மாடி?"

அவன் எட்டிப் பார்த்தான். வெள்ளை, கருப்பு, துரு எல்லாம் கலந்த ஒரே குவியல், ஒரே குறட்டை. வேலியைச் சுற்றி வந்து ஒவ்வொரு காதாக, வாலாக எண்ணிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை.

"அசத்திட்டீங்களே மாமா! யாருக்கும் அடி படலையா?"

மனைவி கூரையைக் கை காட்டினாள். கண்டக்டரின் கணுக்காலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் தகரத்தில் விழுந்தது.

மச்சினன் முகத்தில் சிரிப்பே இல்லை. "ரத்தம் வந்தா ஏத்திட்டுப் போறதுன்னு பேச்சு. பேச்சு பேச்சுதான்."

தூங்கும் பன்றிகளை எழுப்பாமல் கூரையின் பின்பக்கமாக அவரை இறக்கி, வேனின் பின்னால், பன்றிகள் வந்த அதே வைக்கோலில் உட்காரவைத்தார்கள். கட்டுப் போட டாக்டரிடம் போக வேண்டும். கருப்பி ஒரு காதை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்த கண்டக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கை சட்டைப் பைக்குப் போயிற்று.

"ஊதினீங்க, கொன்னுடுவேன்!" என்றாள் மனைவி.

விசிலைப் பைக்குள் விட்டுவிட்டு, வேனின் பக்கவாட்டில் உள்ளங்கையால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம் ரைட்," என்றார், ரகசியமாக.