கிணற்று ரிக்கார்டைக் கேட்ட இன்னொரு ஆள்

பெட்டி வந்துவிட்டது என்று அலி அஸ்கர் போனில் சொன்னதும் மகேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உண்மையில் துள்ளிக் குதிக்க வேண்டிய செய்தி. சால்ட் மெரிடியன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் மூன்றாவது ஆல்பத்துக்கு ஐம்பது வயது ஆனதைக் கொண்டாட, புதிதாக அச்சடித்த இசைத்தட்டுப் பெட்டி. அலியின் மருமகன் தாஜ் முகம்மது துபாயிலிருந்து கொண்டுவந்திருந்தான்.

"உள்ள ஒரு புஸ்தகமும் இருக்கு வே. எல்லாம் இங்கிலீசு. நாளைக்கு வந்து வாசிச்சுச் சொல்லும்" என்றார் அலி.

அந்தப் புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மகேஸ்வரனுக்குத் தெரியும். திருட்டுச் சொத்து இருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கம் சால்ட் மெரிடியன் பைத்தியம் பிடித்தவர்கள் அவர்களுக்குத் தெரிந்து மொத்தம் இரண்டே பேர். பாளையங்கோட்டை மகேஸ்வரன் மின்வாரியப் பொறியாளர். கல்லூரி விடுதியில் யாரோ கொடுத்த கேசட்டில் தொற்றிக்கொண்டது. மேலப்பாளையம் அலி அஸ்கர் துபாயில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியருக்குப் பதினெட்டு வருடம் கார் ஓட்டியவர். காரில் அந்த மனிதர் வேறு எதையும் போடமாட்டார். ஊரைவிட்டுப் போகும்போது ஏழு இசைத்தட்டுகளை டிரைவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஆல்பத்தின் பெயரெல்லாம் அலிக்கு வாயில் நுழையாது. அட்டைப் படத்தை வைத்துக் கழுதை ரிக்கார்டு, ஏணி ரிக்கார்டு, கிணற்று ரிக்கார்டு என்பார். மூன்றாவது ஆல்பம்தான் கிணறு.

பதினோரு வருடத்துக்கு முன்னால் மீட்டர் பார்க்கப் போன தெருவில், ஒரு மாடியிலிருந்து கிணற்று ரிக்கார்டின் இருபத்திரண்டு நிமிடப் பாட்டு கேட்டது. மகேஸ்வரன் மீட்டரை மறந்துவிட்டுப் படியேறினார். மேலே அலி இருந்தார். அன்று தொடங்கி ஞாயிறு தவறாமல் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த மாடிதான். அலி ஒரு சட்டம் வைத்திருந்தார். இரண்டு பக்கமும் முடிந்து ஊசியைத் தூக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தபின் மகேஸ்வரன் எந்த வருடம், எந்த ஸ்டூடியோ, யார் யாரோடு சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று ஒப்பிப்பார். அலியோ தான் கேட்டதைச் சொல்லுவார். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அது மகேஸ்வரனுக்கும் தெரிந்திருந்தது, அதுதான் வினை.

உலகம் முழுக்க உள்ள ரசிகர்கள் கூடும் இணையக் குழு ஒன்று உண்டு. மகேஸ்வரன் அதில் எட்டு வருடமாக எழுதியும் நாய்கூடச் சீந்தவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, கிணற்று ரிக்கார்டு முடிந்ததும் அலி தன் உம்மாவைப் பற்றிச் சொன்னார். அந்தப் பாட்டின் தாளம் ஏழு ஏழாகப் போகும். "எங்க உம்மா பீடி சுத்துறது இப்படித்தான் வே. இலையை எடுக்கணும், தூளை வைக்கணும், உருட்டணும், அடியை மடக்கணும், தலையை மடக்கணும், நூலைச் சுத்தணும், முடிச்ச பீடியைச் சொளவுத் தட்டுல போடணும். ஏழு. நான் மடியில தலை வச்சுப் படுத்துக்கிட்டே கேப்பேன். துபாயில அந்தக் காருக்குள்ள மொத நாளு இந்தப் பாட்டைக் கேட்டப்ப, அழுதுட்டே வண்டி ஓட்டுனேன்."

வீட்டுக்கு வந்து மகேஸ்வரன் அதை ஆங்கிலத்தில் எழுதினார். பாட்டைப் பற்றி அலி சொன்ன மற்றவற்றையும் சேர்த்துக்கொண்டார். 'என் நண்பரின் தாய்' என்று எழுதப் போனவர், வாக்கியம் நீளுகிறதே என்று 'என் தாய்' என்று போட்டார். அவருடைய தாய் அன்னத்தாய் பீடியைக் கண்ணாலும் பார்க்க விரும்பாத சைவப் பிள்ளைமார் வீட்டு அம்மாள். நானூறு பதில்கள் வந்தன. கனடாவில் ஒருவர் அழுதேன் என்று எழுதினார். கடைசியில் ரிக்கார்டு கம்பெனியே, ஐம்பதாம் வருடப் புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தில் போட அனுமதி கேட்டது. மகேஸ்வரன் கொடுத்தார்.

சொல்லிவிட நூறு ஞாயிறுகள் இருந்தன. தொண்டைவரை வருவதும், டீயோடு சேர்ந்து உள்ளே போவதுமாகக் கழிந்தன.

போன் வந்த மறுநாள், ஞாயிறு, மகேஸ்வரன் போனபோது அலி புது வேட்டி கட்டியிருந்தார். இரண்டு பக்கமும் கேட்டார்கள். ஊசியைத் தூக்கியதும் கேட்டதைச் சொல்லாமல், புத்தகத்தை எடுத்து மகேஸ்வரன் மடியில் வைத்தார் அலி. மற்ற பக்கங்களை மகேஸ்வரன் ஆற அமரச் சொன்னார். பதினான்காம் பக்கம் வந்தது. அடியில் அச்சடித்திருந்த தன் பெயரின்மேல் பெருவிரலை வைத்துக்கொண்டார்.

"இது ஒரு ரசிகர் எழுதுனது. பேஸ் கித்தார் பாட்டுக்குள்ள வராம வாசல்லயே நிக்குங்காரு."

"அட! நான் சொன்னேம்லா?"

"நடுவுல பாடகர் அஞ்சு நிமிசம் வாயைத் திறக்காம இருக்காருல்லா, அது ஓய்வு இல்லையாம். சொல்ல வந்ததை மறந்துட்டு நிக்காராம்."

அலி எழுந்தே நின்றுவிட்டார். "ஏ ஷம்ஸியா, இங்க வாளா! உங்க வாப்பா சொல்லுததை எல்லாம் எவனோ வெள்ளைக்காரன் எழுதி வச்சிருக்காம் பாரு!" கீழே அடுக்களையிலிருந்து மகள், "இருங்க வாப்பா, கை வேலையா இருக்கேன்" என்றாள். அலிக்குச் சந்தேகம் என்ற ஒன்று தட்டவே இல்லை. முகமெல்லாம் சிரிப்பு. உம்மாவைப் பற்றிய பத்தியை மகேஸ்வரன் பேசாமல் தாண்டிவிட்டு, முடிந்தது என்றார். தன்னைவிடக் கேடுகெட்டவன் இந்த ஊரில் இருக்கமாட்டான் என்று தோன்றியது.

"வே, அந்த ஆளுக்கு ஒரு லெட்டர் போடணும். நான் சொல்லுதேன், நீரு இங்கிலீசுல எழுதும்." பேனாவும் தாளும் வந்துவிட்டன. அலி கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். "மதிப்புக்குரிய அண்ணாச்சிக்கு, மேலப்பாளையம் அலி அஸ்கர் சலாம் சொல்லிக்கிடுதேன். நீங்க எல்லாத்தையும் சரியாச் சொல்லிட்டிய. ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சு. அந்த ஏழு எங்கேருந்து வருதுன்னு உங்களுக்குத் தெரிய வழியில்லை. நான் சொல்லித் தாரேன். எங்க உம்மா..."

பேனா நின்றுவிட்டது.

"என்ன வே, எழுதும்."

"அது விட்டுப்போகல்ல அலி. அதுவும் இதுல இருக்கு. நான்தான் வாசிக்காம விட்டேன்." மகேஸ்வரன் பெருவிரலை எடுத்தார். பிறகு அந்தப் பத்தியை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னார், இலை, தூள், நூல், சொளவு எல்லாம். 'என் தாய்' என்று வந்த இடத்தில் நிறுத்தினார். "எழுதுனது நான்தான். உம்ம உம்மாவை எங்க அம்மான்னு போட்டுட்டேன். ரெண்டு வருசமாச் சொல்லாம இருந்துட்டேன். என்னைச் செருப்பால அடியும்."

அலி புத்தகத்தை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். வைவார் என்று மகேஸ்வரன் காத்திருந்தார். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அந்த ஆளு?" என்றார் அலி.

"எந்த ஆளு?"

"அங்கன ஒருத்தரு இருக்காருன்னு நினைச்சேம்லா. எனக்குக் கேக்குத மாதிரியே கேக்குத ஆளு."

"அப்படி யாரும் இல்ல அலி."

"பேரு போனாப் போவுது வே. ஒருத்தருமே இல்லையா?"

நான் இருக்கிறேனே என்று சொல்ல மகேஸ்வரன் வாயெடுத்தார். பதினோரு வருடம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்த மனிதருக்கு அதைச் சொல்ல உரிமை இல்லாமலா? ஆனால் அந்தப் பாட்டை இருநூறு தடவை கேட்டும் அந்தத் தாயின் கைகள் அவர் காதில் ஒருமுறைகூட விழுந்ததில்லை. அலி சொன்னார், அவர் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். இதையும் பொய்யாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"இல்ல" என்றார்.

அலி தலையை ஆட்டினார். பாதி எழுதிய கடிதத்தை எடுத்து, இனி யாருக்கு என்று தெரியாமல், கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.