பழைய படம் இருக்கா?

விஸ்கி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நாக்கில் ஒரு சொட்டுக்கூட பட்டதில்லை. ஆனாலும் எங்கள் மாடியில் குடியிருப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு அபிப்பிராயம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலோரம் வெள்ளை அட்டையை நிறுத்தி, அதன் முன்னால் விஸ்கி பாட்டிலை வைத்து, ஒரு பொம்பளை குனிந்தும் நிமிர்ந்தும் ஒருமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் அபிப்பிராயம் வராது?

வாரத்தில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். ஏழாவது நாள் பாட்டில் எடுக்கிறேன். லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் விஸ்கி காய்ச்சும் டிஸ்டிலரிகளுக்குப் போவேன். அவற்றின் உயரமான செங்கல் புகைபோக்கிகள், வாசலில் அலங்காரத்துக்கு நிறுத்தியிருக்கும் பழைய செம்புக் கொப்பரைகள், பீப்பாய்க் கிடங்குகளின் கறுத்துப்போன சுவர்கள், எல்லாம் என்னிடம் இருக்கின்றன. “குடிகாரனுக்குக்கூட இத்தனை பிராண்டு தெரியாது” என்பார் என் வீட்டுக்காரர். அவர் மளிகைக்கடைக்குப் போனாலே லிஸ்டில் பாதியை மறந்துவிட்டு வருகிற ஆள். அவர் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்பவர்களிடம், “கண்ணாடிக்குள்ள வெளிச்சம் போற அழகுதான்” என்று சொல்லிச் சமாளிப்பேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி என் தம்பி.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். நல்ல வேலைக்காரன். ஒருகாலத்தில் நல்ல குடிகாரனும்கூட. அப்போது எங்களோடுதான் இருந்தான். வாஷிங் மெஷினுக்குள், ஷூ அலமாரியில், அவனுடைய ஸ்பேனர் பையில் என்று கண்ட இடத்திலும் பாட்டில் கிடைக்கும். கேட்டால் அடித்துச் சத்தியம் செய்வான். அதனால் நான் கண்டுபிடித்த ஒவ்வொரு பாட்டிலையும் செல்போனில் படமெடுத்துத் தேதியோடு வைக்க ஆரம்பித்தேன். தெளிந்திருக்கும்போது முகத்துக்கு நேராக நீட்டலாமே என்றுதான். இருபத்தேழு படங்கள். அதில் ஒன்றில், சாயங்கால வெயில் பாட்டிலுக்குள் புகுந்து சுவரில் தேன் நிறத்தில் விழுந்திருந்தது. அடப்பாவி, இது அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். நினைத்ததற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பார்த்தது பார்த்ததுதான். கண்ணை விட்டுப் போகவில்லை.

மூன்றரை வருஷத்துக்கு முன்னால் தம்பி நிறுத்தினான். நான் நீட்டிய படங்களால் ஒன்றும் நடக்கவில்லை, அவனாகவே ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து வரிசையில் உட்கார்ந்தான். பிரிந்து போயிருந்த அவன் மனைவி ஆறு மாதம் கழித்து மகளோடு திரும்பி வந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் எல்லோருக்கும் டீச்சர்தான். வந்த அன்றே என் எதிரில் அவனிடம் சொன்னாள்.

“இன்னொரு தடவை நடந்தா சண்டை போடமாட்டேன், ஏன்னுகூட கேக்கமாட்டேன். பொண்ணைக் கூட்டிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அதுக்கப்புறம் வரமாட்டேன்.”

டீச்சர் சொன்னால் சொன்னதுதான்.

அதற்குப் பிறகு என்னைக் காரில் டிஸ்டிலரிகளுக்குக் கூட்டிப்போகிறவன் தம்பிதான். வேண்டாம்டா, அந்த வாசனைப் பக்கமே நீ வராதே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “நீ மூட்டை முடிச்சோட பஸ்ஸுல அலையப்போறியா? நான் கார்லயே உக்காந்திருக்கேன்” என்பான். அப்படியே உட்கார்ந்திருப்பான். ஏழு டிஸ்டிலரி, ஏழு வாசல். அவனுக்கு நான் எத்தனை தரம் நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் கூடப்பிறந்தவனுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்? நானும் சொல்லவில்லை.

முதல் பயணத்தில் ஒரு பாட்டில் கிடைத்தது. இழுத்து மூடப்போகிற டிஸ்டிலரி அது. அங்கே பீப்பாய் செய்கிறவர் ஒருவரை அவருடைய சுத்தியலோடு படமெடுத்தேன். படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். “குடிக்கிறவங்களுக்குக் குடுக்க மனசு வரலம்மா. நீங்கன்னா பாத்துக்கிட்டே இருப்பீங்க” என்றார். கார்க் மூடி, அதன்மேல் ஒட்டிய காகிதப் பட்டை, லேபிளில் அந்த ஆலையின் புகைபோக்கிப் படம்.

அதையே என் சோதனைப் பாட்டிலாக வைத்துக்கொண்டேன். புது லென்ஸ் வாங்கினாலும், புது விளக்கு வாங்கினாலும் முதலில் அதைத்தான் எடுப்பேன். அதே ஜன்னல், அதே தூரம். எடுத்து முடித்ததும் பழுப்பு வெல்வெட் துணியில் சுற்றி, முன்னறை அலமாரியில் தொட்டில் பிள்ளையைப் போலப் படுக்க வைத்துவிடுவேன். கார்க் போட்ட பாட்டிலைப் படுக்க வைக்கவேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அலமாரியைத் திறந்தால் கம்மென்று ஒரு வாசனை வரும். நல்ல மரம், வார்னிஷ் இன்னும் போகவில்லை பாருங்கள் என்று வருகிறவர்களிடம் பெருமையடித்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி, டீச்சர், அவர்கள் மகள் எல்லோரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். எங்கள் போட்டோ கிளப் நடத்தும் கண்காட்சிக்கு என் படங்களில் பத்து கேட்டிருந்தார்கள். எதைக் கொடுக்கலாம் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். பாட்டிலையும் பக்கத்தில் வைக்கலாமே என்று வீட்டுக்காரர் போய் எடுத்துவந்தார். வெல்வெட்டைப் பிரித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“என்ன இது, மூணுல ஒரு பங்கைக் காணோம்?”

காகிதப் பட்டை துணியோடு வந்துவிட்டது. பாட்டிலில் லேபிளின் புகைபோக்கிக்கும் கீழே நின்றது விஸ்கி.

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். போன மாதம் நாங்கள் ஊரில் இல்லாத இரண்டு வாரமும் வீட்டுக்குக் காவலாக அந்த அறையில் படுத்திருந்தவன் அவன்தான். நானும் பார்த்தேன். இதை மறைத்து என்ன பயன்? எல்லோருக்கும் முதலில் பார்த்தவளே நான்தான்.

“நான் தொடலக்கா” என்றான். அவ்வளவுதான். அடித்துச் சத்தியம் செய்கிற பழைய ஆளாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டீச்சர் எழுந்து மகளின் செருப்பைத் தேடி எடுத்தாள். “நாளைக்குக் காலையில அக்கா வீட்டுக்குக் கிளம்புறேன், அண்ணி. உங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும்ல, அதான்” என்றாள். குரல் உயரவே இல்லை.

அவர்கள் போனபிறகு பாட்டிலும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர், “நான் வாயைத் திறந்திருக்கவே கூடாது” என்று புலம்பியபடி நடந்துகொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மூன்றரை வருஷம், ஒரு பாட்டில். அப்போதுதான் எங்கள் எலும்பு டாக்டரின் ஞாபகம் வந்தது. எந்த எக்ஸ்ரேயைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: “பழைய படம் இருக்கா?” ஒற்றைப் படத்தை வைத்து அவர் வாயையே திறக்கமாட்டார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால்தான் பேசுவார். இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் காதில் விழுகிற கேள்வி. என் தம்பி விஷயத்தில் மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். சோதனைப் பாட்டில் படங்கள் முப்பத்தெட்டு இருந்தன. தேதி வாரியாக வரிசையாக வைத்தேன். முதல் படத்தில் விஸ்கி பாட்டிலின் கழுத்தில் நின்றது. ஆறாவதில் கழுத்துக்குக் கீழே. பதினைந்தாவதில் லேபிளின் மேல் விளிம்பு. அப்புறம் புகைபோக்கியின் உச்சி. அப்புறம் அதன் பாதி. இத்தனை வருஷமாகக் கண்ணெதிரே இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் பார்த்ததெல்லாம் கண்ணாடியின் விளிம்பையும் லேபிளில் விழும் நிழலையும்தான்.

கார்க்கைத் தொட்டுப் பார்த்தேன். ஊறின ரஸ்க் மாதிரி விரலோடு உதிர்ந்து வந்தது. பீப்பாய்க்காரருக்குப் போன் போட்டேன்.

“எப்படிம்மா வச்சிருந்தீங்க?”

“படுக்க வச்சுத்தான்.”

“ஒயினைத்தாம்மா படுக்க வைக்கணும். விஸ்கி நிக்கணும். படுத்தா கார்க்கை அரிச்சிடும். அப்புறம் கசியும், ஆவியாப் போகும். பட்டையில இருக்கற பசைகூட விட்டுடும்.”

தலையிலேயே அடித்துக்கொண்டேன். பீப்பாயிலிருந்து வருஷா வருஷம் கொஞ்சம் விஸ்கி ஆவியாகிப் போகும், அதைத் தேவதைகளின் பங்கு என்போம் என்று ஏழு டிஸ்டிலரியிலும் கைடுகள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு தடவையும் தலையாட்டிவிட்டு வந்தவள் நான். அந்த வார்னிஷ் வாசனை!

பாட்டிலையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு இருட்டுவதற்குள் தம்பி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. டீச்சர் மகளின் யூனிஃபார்மை மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி பால்கனியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“அண்ணி, நீங்க சமாதானம் பேச வந்திருந்தா—”

“சமாதானம் பேச வரல. கணக்குப் போட வந்திருக்கேன். நீ உக்காரு.”

முப்பத்தெட்டு படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவள் ஒரு பேப்பரை எடுத்துத் தேதியை எழுதினாள். ஸ்கேலைத் திரையில் வைத்து, புகைபோக்கிக்கு எதிரே உயரத்தை அளந்து பக்கத்தில் எழுதினாள். இருபதாவது படத்தில் கை நின்றது.

“இதுலேர்ந்து இருபத்தாறாவது வரைக்கும் எட்டு மாசம். அப்ப இவர் வெளியூர்ல லிஃப்ட் மாட்டிட்டிருந்தார்.”

“ஆமா.”

“அப்பவும் குறைஞ்சிருக்கு.”

“ஆமா.”

அவள் மறுபடியும் மேலிருந்து கீழே எண்களைப் பார்த்தாள். “எல்லா மாசமும் ஏறக்குறைய ஒரே அளவு. குடிக்கிற மனுஷன் இப்படிக் குடிக்கமாட்டார், அண்ணி. எனக்குத் தெரியும். இவர் குடிச்ச காலத்துல எதுலயுமே ஒரு அளவு இருந்ததில்ல.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேப்பரில் சொட்டு விழுந்து எண்கள் கலங்கின.

நான் பால்கனிக்குப் போனேன். “டேய், படுக்க வச்சுக் கெடுத்தது நான்தான். சந்தேகப்பட்டு முதல்ல உன்னைப் பார்த்ததும் நான்தான். மன்னிச்சிடு” என்றேன்.

“எனக்குத் தெரியும்கா, அது குறையுதுன்னு” என்றான். “ரெண்டு வருஷமாவே தெரியும். நீ வெளிய எடுக்கும்போதெல்லாம் என் கண்ணு நேரா அங்கதானே போகும்?”

“தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?”

“யார் சொல்றது? நானா? வீட்டுல விஸ்கி குறையுதுன்னு முதல்ல கண்டுபிடிச்சவன் நான்னு சொன்னா, நீயே நம்பியிருப்பியா?”

இரண்டு வருஷமாக அந்தப் பயத்தை வயிற்றில் கட்டிக்கொண்டுதான் எனக்குக் கார் ஓட்டியிருக்கிறான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷமாகச் சொல்லாத நன்றியை அப்போதுதான் சொன்னேன், ஏழு வாசலுக்கும் சேர்த்து. “போதும்கா, அழாத, மூக்கு சிவந்துடும்” என்று என்னைக் கேலி செய்தான். அவனுடைய கண்ணும் சரியாக இல்லை.

உள்ளே டீச்சர் யூனிஃபார்மைப் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கிவிட்டு வந்தாள். எங்கள் இருவரையும் நேராகப் பார்க்காமல் கேட்டாள்.

“அண்ணி, அந்த முதல் படங்கள்... ஷூ அலமாரி, வாஷிங் மெஷின், அதெல்லாம் இன்னும் வச்சிருக்கீங்களா?”

“இருக்கு. இன்னைக்கே அழிச்சிடறேன். முதல் வேலை அதான்.”

“வேண்டாம்கா” என்றான் தம்பி. “அழிக்காத. பழைய படம் இருந்தாத்தானே எவ்வளவு தேறியிருக்குன்னு தெரியும்?”

டீச்சர் மீதி விஸ்கியைச் சிங்கில் ஊற்றி, பாட்டிலைக் கழுவித் துடைத்து, மேஜைமேல் நிற்க வைத்தாள். அப்புறம் அவனைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் நிறுத்திவிட்டு, “எடுங்க, அண்ணி” என்றாள்.