லமாரின் சாட்சி

ராய்ஸ் டன்லப் முதல் தடவை தோற்றது ஒரே ஒரு பதிலால்தான்.

பரிசோதனை அறைக்குள் போனதும் அரசாங்க டாக்டரம்மா "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு அந்தக் கேள்விக்கு வேறு பதில் தெரியாது. முதுகை நிமிர்த்தி, "நல்லா இருக்கேன் மேடம்" என்று சொல்லிவிட்டான். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மனுதாரர் நலமாக இருப்பதாகத் தாமே கூறினார். தலைவலிக்காக அவர் கேட்ட ஊனத்தொகை மறுக்கப்படுகிறது.

இராக்கில் அவன் போன வண்டிக்கு அடியில் குண்டு வெடித்துப் பதினேழு வருஷமாகிறது. அன்று பிடித்த தலைவலி. வந்தால் இடது கண் இருண்டுவிடும். வாந்தி, பிறகு இருட்டறை. சில நாள் மூன்று மணி நேரம், சில நாள் விடியும்வரை. ராய்ஸ் ஒஹாயோவின் மேடுபள்ளச் சாலைகளில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் டேங்கர் ஓட்டுகிறவன். பிப்ரவரியில் ஒரு நாள் இறக்கத்தில் கண் இருண்டுபோய், பள்ளிக்கூடப் பேருந்துக்கு ஒரு முழம் பின்னால் வண்டியை நிறுத்தினான். பனியில் இருந்த டயர்த் தடத்தை அவன் மனைவி கொரின் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. தொகை கிடைத்தால் அவன் இனி ஸ்டியரிங்கைத் தொடவேண்டாம். கிடைக்காவிட்டால் தொட்டே ஆகவேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

மறுபடி மனு எழுதிக்கொடுக்க, மாவட்ட முன்னாள் வீரர் அலுவலகத்தில் ஸ்டாம் என்று ஒருவர் இருந்தார். அவரும் பழைய பட்டாளத்துக்காரர். வலது கையில் மூன்று விரல்தான்.

"நம்மாளுங்க எல்லாருக்கும் ஒரே வியாதிப்பா" என்றார். "போன வாரம் ஒருத்தன் சக்கர நாற்காலியில வந்தான். எப்படிடா இருக்கேன்னு கேட்டா, ஒரு குறையுமில்ல சார்ங்கறான்."

"நீங்க எப்படி இருக்கீங்க சார்?" என்றாள் கொரின்.

"எனக்கென்ன, நல்லாத்தான்..." ஸ்டாம் நாக்கைக் கடித்துக்கொண்டார். ராய்ஸ் அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.

ஸ்டாம் இரண்டு காரியம் சொன்னார். வலி வருகிற நாள், மணி, எவ்வளவு நேரம் படுத்தான், எந்த வேலை நின்றது, எல்லாம் ஒரு நோட்டில் இருக்கவேண்டும். கொரின் ஏற்கனவே எழுதிக்கொண்டுதான் இருந்தாள். இன்னொன்று, குண்டு வெடித்தபோது கூட இருந்தவனின் சாட்சி.

"அந்த வண்டியில இருந்தவங்கள்ல யாரு மிச்சம்?"

"நானும் லமார் ஃபிட்சும்தான். அலபாமாவுல அவங்க அக்கா வீட்ல இருக்கான். போன் பண்ணணும், பண்ணணும்னு நாலு வருஷமா நெனச்சுக்கிட்டே இருக்கேன்" என்றான் ராய்ஸ்.

அவன் டேங்கரோடு போயிருந்த ஒரு காலையில் கொரினே பேசினாள். எடுத்தது லமாரின் அக்கா ஒடெஸா. கொரின் நோட்டு முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"லமார் நவம்பர்ல போயிட்டான் கண்ணு. தலைவலின்னு படுத்தான். எழுந்திருக்கல."

சாட்சியைக் குறித்துக்கொள்ள எடுத்த பேனாவைக் கொரின் மூடிவைத்தாள்.

"அவனும் மனு போட்டிருந்தான். நானும் உன்னமாதிரி நோட்டு எழுதினேன்" என்றாள் ஒடெஸா. பிறகு குரலைத் தாழ்த்தி, "எழுதினேன்ங்கறது தப்பு. இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன். என்னைப் பைத்தியம்னு நெனச்சுக்காத."

"என்னத்தை எழுதறீங்க அக்கா?"

"அவன் ரூம் கதவு தானா மூடிக்கும். உள்ளே திரை இழுக்கற சத்தம் கேக்கும். நான் மணியைப் பாத்து எழுதிருவேன். வேற என்ன செய்ய? மார்ச் நாலு, மத்தியானம் ரெண்டு பத்து. கடைசியா மூடினது அன்னிக்குத்தான்."

கொரின் தன் நோட்டைப் புரட்டினாள். மார்ச் நான்கு. ராய்ஸுக்கு வலி வந்தது மூன்று பத்து. ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிறதே என்று அவளுக்கு மூச்சு வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது: அலபாமாவில் மணி எப்போதும் ஒரு மணி நேரம் பின்னால்தான் ஓடும். மேற்கொண்டு மூன்று தேதிகளைக் கேட்டாள். நிமிஷம் பிசகவில்லை. நான்காவதைக் கேட்க அவளுக்குத் துணிவு இல்லை.

லமார் செத்துப்போனதை ராய்ஸிடம் அவள் சொல்லவில்லை. "அவருக்கு உடம்புக்கு முடியலையாம், எழுத மாட்டாராம்" என்று முடித்துவிட்டாள். பரிசோதனை முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரலில் நகரத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. கிளம்பும்போதே வலியும் வந்துவிட்டது. ராய்ஸ் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் சாய்ந்தான். அவள் தன் பையைப் பக்கத்தில் வைக்கப் போனாள்.

"அங்க வைக்காத, இடம் வேணும்."

கால் நீட்டிக்கொள்ளத்தான் கேட்கிறான் என்று பையை முன்னால் எடுத்துக்கொண்டாள். ஆனால் அவன் நீட்டவில்லை. வழி நெடுக ஜன்னலோரமாய் ஒடுங்கியே உட்கார்ந்திருந்தான். பாதி தூரத்தில், "முட்டிய மடக்குடா, குத்துது" என்று முனகினான். வலியில் உளறுகிறான் என்று அவள் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினாள். பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அவளை வெளியே உட்காரச் சொன்னார்கள். "நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிடாத ராய்ஸ், உன் கால்ல விழறேன்" என்று காதோரம் சொல்லி அனுப்பினாள். அரைமணி கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"சொல்லிட்டேன் கொரின்."

"எதை?"

"அதைத்தான். கேட்டவுடனே வாயில வந்துருச்சு."

வண்டி நிறுத்துமிடத்தில் அவள் ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். பின்சீட்டிலிருந்து ஒரு கை அவள் தோளைத் தட்டிக்கொடுத்தது. சில்லென்று இருந்தது. அந்த நாளைப் பற்றி அதற்குப்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவனுக்கு வெட்கம். அவளுக்குத் துக்கம். லமார் செத்த செய்தியையும் அதோடு விழுங்கிக்கொண்டாள். டேங்கர் தினமும் போய் வந்துகொண்டிருந்தது. அது திரும்பும்வரை அவள் வாசலிலேயே நின்றாள்.

ஜூனில் கடிதம் வந்தது. சமையல் மேடைமேல் வைத்து அவள்தான் உரக்கப் படித்தாள்.

"மனுதாரர் தாம் நலமாக இருப்பதாகக் கூறினார். ஆயினும், அவருடன் நேரில் வந்திருந்த சக வீரர் திரு. லமார் ஃபிட்ச் குறுக்கிட்டு, அது உண்மையல்ல என்றார். அறையின் விளக்கை அணைக்கும்படி கேட்டுக்கொண்ட பின், மனுதாரருக்கு வலி வந்த நாட்களையும் மணியையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவை மனைவியின் குறிப்பேட்டுடன் முழுமையாகப் பொருந்துகின்றன. சாட்சி நம்பத்தக்கது. மனு ஏற்கப்படுகிறது."

அவள் அந்தப் பெயரை மறுபடி ஒரு தடவை படித்தாள். ராய்ஸோ சிரித்துக்கொண்டிருந்தான்.

"அவன் என்னிக்குச் சொன்ன பேச்சைக் கேட்டான்? நீ வெளியவே இருடான்னேன், கேக்கல. முடியலைன்னு சொன்னியே, எப்படி வரவழைச்சே அவனை?"

கொரின் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

அன்று மத்தியானமே அவன் டேங்கர் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வரக் கிளம்பினான். பக்கத்துப் பண்ணைக்காரர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வீட்டில் அவள் மட்டும். ஒடெஸாவைக் கூப்பிட்டுக் கடிதத்தை வரி விடாமல் படித்துக் காட்டினாள்.

"அதான் பாத்தேன்" என்றாள் ஒடெஸா. "ஏப்ரல்லேருந்து இங்க கதவு மூடவே இல்ல கண்ணு. நோட்டு வெறுமனே கிடக்கு. எங்கடா போனேன்னு தேடிக்கிட்டே இருந்தேன்." பிறகு, "அவனுக்கு ஈரத்துணி நெத்தியில வெக்கக்கூடாதும்மா, பிடரியில வெக்கணும். யாராச்சும் வெக்கிறாங்களா?"

அப்போது படுக்கையறையில் திரை இழுபட்டது. வளையங்கள் கம்பியில் ஒவ்வொன்றாக உரசிப்போகிற சத்தம். சற்றைக்கெல்லாம் வாசலில் வண்டி நின்றது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ராய்ஸ் தள்ளாடி வந்து, அந்த அறைக்குள் போனான்.

"வெக்கிறேன் அக்கா" என்று சொல்லி போனை வைத்தாள் கொரின்.

இரண்டு துணிகளை நனைத்துப் பிழிந்தாள். ஒன்றை ராய்ஸின் நெற்றியில் போட்டாள். கட்டிலின் மறுபக்கம் இருட்டு இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது. இரண்டாவதை அங்கே நீட்டினாள். அவள் கையிலிருந்து யாரோ மெதுவாக வாங்கிக்கொண்டார்கள்.

ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஓடவில்லை. "எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கேன்" என்றான் ராய்ஸ்.

"பொய்யி" என்றது மறுபக்கம், அலபாமாக்காரர்களின் இழுவையோடு. "எழுதிக்கம்மா. மூணு நாப்பது."